நாங்கள் கொடுத்துவிட்ட ஆட்டக்காரர்

வாலிபால் பந்தை என் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் தொட்டிருக்கிறேன். அதுவும் கோட்டுக்கு வெளியே உருண்டு வந்ததை எடுத்துத் திருப்பி எறிந்ததோடு சரி. ஆனால் எங்கள் எஸ்டேட் டீமில் யார் எங்கே நிற்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும், யாரைத் தள்ள வேண்டும் என்று சொல்வதற்கு அந்த நாளில் என்னை விட்டால் ஆளில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்குப் பயந்து மற்றவர்களும் அதை மறுத்ததில்லை.

காப்பிக் கொட்டை பொறுக்கும் குடோனில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். தை பிறந்தால் வேலை ஆரம்பிக்கும், சித்திரை வரை போகும். நீள மேசையில் கொட்டையைப் பரப்பி, கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பிரித்துத் தள்ள வேண்டும். வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். வாய் சும்மா கிடந்தது, அதற்கு வாலிபால் கிடைத்தது. ஆண்கள் சாயங்காலம் ஆடிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். நாங்கள் மறுநாள் காலை உட்கார்ந்து அதே ஆட்டத்தை மாலை வரைக்கும் மறுபடி ஆடுவோம்.

மே மாதத்தில் மலை மேல் இருக்கும் எஸ்டேட்டுகளுக்குள் போட்டி நடக்கும். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆடுகிறவரின் பெயர் அந்த எஸ்டேட்டின் செக்ரோலில் இருக்க வேண்டும். செக்ரோல் என்றால் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால்தான் வேலை, குடியிருக்க லைன் வீடு, மழைக்குக் கம்பளி எல்லாம். அடுத்த எஸ்டேட்டில் ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்து, அவர் நமக்கு வேண்டும் என்றால், அவர் பெயரை நம் செக்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். யாரும் ஆளைச் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு பெயர் உள்ளே வந்தால் ஒரு பெயர் வெளியே போக வேண்டும். இதற்குப் பேர் மாத்துவது என்று சொல்வோம். துரைகள் இருவரும் பேசி முடித்துக்கொள்வார்கள். துரை என்றால் எஸ்டேட் மேனேஜர்தான். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை.

எனக்குத் தெரிந்து அதற்கு முன்பு ஒருமுறைதான் எங்கள் எஸ்டேட்டில் அப்படி நடந்திருந்தது. கல்யாணமாகாத ஒருவரை மாற்றினார்கள். போட்டி முடிந்து ஆனி மாதம் பிறந்ததும் அவர் புதுச் சட்டையும் கொஞ்சம் தொப்பையுமாகத் திரும்பி வந்து சேர்ந்தார். ஆகவே பேர் மாத்துவது என்றால் எங்கள் கணக்கில் அவ்வளவுதான். இரண்டு மாதம் வேறு எஸ்டேட்டின் சாப்பாடு.

நான் சொல்லும் வருடம் எண்பதுகளின் தொடக்கம். முந்தின மே மாதம் நாகலூருக்கு அப்பால் இருக்கும் ஓர் எஸ்டேட்டிடம் தோற்றிருந்தோம். அவர்களிடம் நெட்டையாக ஒருவர் இருந்தார். அவர் எம்பினால் முழங்கை வரைக்கும் வலைக்கு மேலே தெரியும். அவர் அடித்த பந்துகளைத் தடுக்க முடியாமல் எங்கள் ஆட்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தோல்வியைத் தை மாதம் தொடங்கி குடோனில் உரித்துக்கொண்டிருந்தோம். அந்த நெட்டையர் நமக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் பேச்சில்லை. அவருக்கு ஈடாக யாரைக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

மேசையில் ஆறு கொட்டைகளை எடுத்து ஆறு ஆட்களாக வைப்போம். மூன்று முன்னே, மூன்று பின்னே. ஒருத்தி ஒன்றை நகர்த்துவாள், இன்னொருத்தி அவள் கையைத் தட்டிவிட்டு அதைப் பழைய இடத்தில் வைப்பாள். சர்வீஸ் போடுகிறவரைக் கொடுக்கக் கூடாது. இடது கைக்காரரைக் கொடுக்கவே கூடாது. கேப்டன், எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டருக்கு மச்சான், அவர் எப்படி ஆடினாலும் அவரைத் தொட முடியாது. கடைசியில் என் விரல் எப்போதும் ஒரே கொட்டையின் மேல்தான் போய் நிற்கும். அது என் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த தோழியின் வீட்டுக்காரர்.

அவர் அடிக்கிறவர் இல்லை, தூக்கிக் கொடுக்கிறவர். வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, சத்தமே இல்லாமல், அடிக்கிறவருக்கு வாகாக வலை ஓரம் ஏற்றிவிடுவார். ஆட்டம் பார்க்கிறவர்கள் அடித்தவரைத்தான் பார்த்துக் கை தட்டுவார்கள். நானும் அப்படித்தான். முப்பது வயது தாண்டிவிட்டது, ஓட்டம் குறைந்துவிட்டது, பந்தைத் தூக்கிவிட யாரால்தான் முடியாது என்று வாய் கூசாமல் சொல்வேன். அவர் மனைவியை வைத்துக்கொண்டே சொல்வேன். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவரைக் கொடுத்தால் என் மாமியாரையும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

என்னைவிட மூன்று வயது இளையவள். வேதக்கார வீட்டுப் பெண். எழுதப் படிக்க வராது. கீழே அடிவாரத்துப் பக்கம் இருந்த அவள் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதித் தருவேன். எனக்குப் பத்தாவது வரை படிப்பு, கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும் என்று பெயர். அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் சின்ன மாதா கோவில் ஒன்று உண்டு. அதன் பின்னால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் குழந்தையைப் புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மற்றவர்கள் சந்தைக்குப் போவார்கள். இவள் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். அடிவாரத்துக்கே வந்துவிடு, பஞ்சாலையில் வேலை இருக்கிறது என்று அவள் அம்மா ஒருமுறை யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். பதில் எழுதும்போது அவள் என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இந்த எஸ்டேட்ட உட்டு நா எங்கயும் வரமாட்டேன்னு எழுதுங்க்கா. நா போயிட்டா அவ தனியாக் கெடப்பா."

அதை நான்தான் என் கையால் எழுதினேன். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளோடு குடோனுக்குள் வந்தார். டீமைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவருடையதுதான். நெட்டையரைக் கொண்டுவரத் துரை சம்மதித்துவிட்டார், ஆனால் வேலையாட்களே கேட்டு எழுதின மாதிரி ஒரு மனு வேண்டும் என்றார். என் கையெழுத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தாளை என் முன்னால் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதமாகக் கொட்டையை நகர்த்திக்கொண்டிருந்தவளிடம் உண்மையான ஆட்களை நகர்த்தச் சொல்கிறார்களே என்று அத்தனை பெருமை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்னாரை எங்கள் எஸ்டேட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம், அவருக்கு ஈடாக என்பது வரை வந்ததும் ரைட்டர் நிறுத்தினார். யார் பெயர் என்பதை நீங்களே சொல்லுங்கள், தினமும் அதைத்தானே பேசுகிறீர்கள் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இடதுபக்கத்துப் பலகை காலியாக இருந்தது. அன்றைக்கு அவள் லீவு. குழந்தை போய் ஒரு வருடம் நிறைந்த நாள். கோவிலில் பூசைக்குச் சொல்லியிருந்தாள். காலையில் தண்ணீர்க் குழாயில் பார்த்தபோது அவளே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் நாளைக்கு வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று எதிர்வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார். அவர் சொன்னதை நான் கேட்டிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு என்ன கேட்பது, அவர் ஆனியில் வந்துவிடப் போகிறார் என்றேன். அவள் வீட்டுக்காரர் பெயரை அழகாக, புள்ளி பிசகாமல் எழுதினேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம்.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. நாங்கள் எதைக் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. முன்பு போனவர் தனி ஆள், யாருடைய அறையிலும் பாயை விரித்துக்கொள்வார். இவர் குடும்பஸ்தர். நெட்டையருக்கும் மனைவி இருந்தாள். அவர்களுக்கு வீடு வேண்டும் என்றால் இவர்கள் வீடு காலியாக வேண்டும். ஆகவே இரண்டு மாதத்துக்கு இல்லை, நிரந்தரமாகவே மாற்றிவிட்டார்கள். தோழியும் அவள் மாமியாரும் எங்கள் செக்ரோலில் நிரந்தர ஆட்களாக இருந்தார்கள். அந்த இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டார்கள். அங்கே போய்த் தற்காலிக ஆட்களாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஆள் என்று பேசிக்கொண்டிருந்தோம். போனது ஒரு குடும்பம்.

நான் ரைட்டரிடம் ஓடினேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பேருக்குப் பேரு, ஊட்டுக்கு ஊடும்மா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேசின எனக்கு அது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் தோழியை அழைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் போய் நின்றேன். நான்தான் பேசினேன். அந்தப் பெண்ணின் குழந்தை இங்கே இருக்கிறது, அவளால் போக முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். துரை கெட்ட மனிதர் இல்லை. முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, உங்கள் ஆட்களே கேட்டு எழுதியதுதானே என்று எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு எஸ்டேட்டிலும் கையெழுத்தாகிவிட்டது, இனிமேல் மாற்றினால் நன்றாக இருக்காது என்றும் சொன்னார்.

அவளுக்குப் படிக்க வராது. ஆனால் அவள் அம்மாவுக்கு எழுதின கடிதங்களில் என் எழுத்தின் ஜாடையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. படியிறங்கி லைன் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், ஆனால் பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

சாமான் ஏற்றின டிராக்டரை ஓட்டிப் போனவர் என் கணவர். எஸ்டேட் டிராக்டர் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கட்டில், பாத்திரம், கோழிக்கூடு, மேலே அவள் மாமியார். கிளம்பும் முன் தோழியின் வீட்டுக்காரர் என் கணவரைத் தனியாக அழைத்துச் சொன்னாராம்: "அந்த நெட்டத் தம்பிக்குப் பந்த வலைக்கு ஒரு சாண் தள்ளி ஏத்தித் தரச் சொல்லுங்க. ஒட்டிக் குடுத்தா அவருக்கு அடிக்க வராதுங்க."

என் கணவர் அன்றைக்குச் சாயங்காலம் இதைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். தோழியின் வீட்டுக்காரர் ஆட்டத்தை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நெட்டையர் வந்தார். தோழி காலி செய்த வீட்டிலேயே குடியேறினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாது. ஆனால் ஒரு சாண் தள்ளி ஏற்றித்தர எங்கள் டீமில் ஒருவராலும் முடியவில்லை. பந்து ஒன்று ஒட்டிப் போகும், இல்லையென்றால் எட்டிப் போகும். அவர் அத்தனை உயரத்துக்கு எம்பி, வலையிலேயே அடித்துவிட்டு நிற்பார். மே மாதப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தோம். ஆடிக் காற்று ஆரம்பிக்கும் முன் அவர், சமவெளியில் ஏதோ மில்லில் வேலை கிடைத்தது என்று செக்ரோலில் பெயரை வெட்டிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டார். வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.

நான் சில ஞாயிற்றுக்கிழமைகள் மேல் டிவிஷனுக்குப் போய் அந்தச் சின்ன மண்மேட்டில் களை பிடுங்கிவிட்டு வந்தேன். அவள் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். மழை பிடித்ததும் வழியெல்லாம் அட்டை. ஒரு வாரம் போகவில்லை, இரண்டு வாரம் போகவில்லை. பிறகு போவதே நின்றுவிட்டது. பெருமைக்குச் சொல்ல முடியாத விஷயம், ஆனால் நடந்தது அதுதான்.

அந்த வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்று அவள் வந்தாள். நாகலூர் தாண்டியிருந்த அவர்கள் எஸ்டேட்டிலிருந்து ஏற்காடு டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்கள் பக்கம் ஒரு பஸ். ஞாயிறுதோறும் வர அது முடிகிற காரியமில்லை. நான் வேலை விட்டு வரும்போது பஸ் நிற்கும் இடத்தில், மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். விரல் நகங்களில் மண் இருந்தது. மறைந்துகொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டு விஷயம், மாமியார் விஷயம் எல்லாம் கேட்டேன். அவர் இப்போது ஆடுகிறாரா என்றும் கேட்டேன். அவர் பந்தையே தொடுவதில்லை, வாலிபால் பேச்சே வீட்டில் கிடையாது என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள்.

"எங்கூட்டுக்காரருக்கு மாத்தி வந்தாரே, அவரு நல்லா ஆடறாருங்களாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "அவரு ஆடிக்கு முன்னாடியே போயிட்டாரு கண்ணு. பேர வெட்டிக்கிட்டு கீழ எறங்கிட்டாரு" என்றேன்.

அவள் முகம் சடாரென்று என் பக்கம் திரும்பியது. கோபம் வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு வந்தது கோபமில்லை.

"அப்ப எங்கள மறுக்கா எடுத்துக்குவாங்களாக்கா? அவருக்காவத்தானே எங்கள அனுப்புனாங்க. அவருதான் இல்லையே. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க்கா. உங்க எழுத்துன்னா தொரை கேப்பாரு."

எழுதுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறின பிறகும் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அன்றைக்கே எழுதினேன். குழந்தை இங்கே இருப்பதை எழுதினேன், நிரந்தரப் பெயர்கள் இரண்டு போனதை எழுதினேன். அப்படி ஒரு மனுவை அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை. மறுநாள் ரைட்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். அவருக்கும் மனம் சங்கடப்பட்டதாகத்தான் தெரிந்தது. தாளை மடிக்காமல் என்னிடமே நீட்டினார்.

"எல்லாஞ் சரிதாம்மா. ஆனா போனவரு எடத்துக்கும் ஆள் போட்டாச்சு, ஊடும் குடுத்தாச்சு. இவங்க உள்ள வரோணும்னா இங்கிருந்து ஒரு குடும்பம் அங்க போவோணும். யாரு போறாங்கன்னு எழுதிக் குடு. நானே தொரைகிட்டப் பேசறேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் யாரைக் கேட்பது? என்னோடு கையெழுத்து வைத்த மற்ற பத்துக் குடும்பத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தி வீட்டில் மாமனாருக்குக் கை கால் விழுந்து கிடந்தது. ஒருத்தி மாசமாக இருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் நியாயமான காரணம். ஒரு பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாருமில்லை. யாரையும் நாங்கள் இந்த மண்ணில் புதைக்கவும் இல்லை. டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஆளை எந்த எஸ்டேட்டும் வேண்டாம் என்று சொல்லாது. இரண்டு பிள்ளைகளும் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அது ஒன்றுதான். அங்கேயும் பள்ளிக்கூடம் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பெயரை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கணவர் பெயரை எழுத மூன்று நாள் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். அவரிடம் சொன்னால் ஒருவேளை சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு காப்பிப் பழம் பறிக்கிற சீசன் மும்முரமாகிவிட்டது. ரைட்டர் ஒருமுறை என்னம்மா ஆச்சு என்று கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அடுத்த வருடக் கல்லறைத் திருநாளுக்கும் அவள் வந்து, பஸ் நிற்கும் இடத்தில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். நான் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்.